ஐம்பத்தைந்து

பாலத்துக்கு இந்தப் பக்கம், பிறையில்,
செம்பனை எண்ணெய் ஆலையின் இரவு ஷிப்ட்.
கருவி அறைச் சன்னலுக்குப் பின்னால்
நான், ஒரு ஃபேன், ஒரு பதிவேடு,
ஆணிக்கு ஆணி
வாய் பிளந்து தொங்கும் ஸ்பேனர்கள்.
ஒவ்வொன்றுக்கும் பின்னால்
மஞ்சள் பெயிண்டில் அதனதன் நிழல்.
நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, ஐம்பது.
ஐம்பத்தைந்தின் ஆணியில்
நிழல் மட்டும்.

மணி இரண்டே முக்கால்.
நனைந்த தோளோடு வந்து நின்றான் குணாளன்.
"நாலாம் நம்பர் பம்புக்கா. முப்பத்தாறு போல்ட்டு.
அம்பத்தஞ்சு குடுங்க."
இல்லை என்றேன்.
பகலில் யாரோ கையெழுத்துப் போடாமல் எடுத்தது.
அவன் கண் அடுத்த ஆணிக்குப் போனது.
அங்கே இரண்டேகால் அங்குலம்.
பழைய பம்புகளோடு கப்பலில் வந்தது.
பம்புகள் காயலான் கடைக்குப் போன பிறகும்
போகாமல் தங்கிவிட்டது.
"அதையே குடுங்கக்கா.
நடுவுல ஒரு தகடு சொருகிக்கிறேன்."

கணக்கு எனக்குத் தெரியும்.
அந்த வாய்க்கும் அந்த நட்டுக்கும் நடுவே
இரண்டு மில்லிமீட்டர் சும்மா கிடக்கும்.
அந்தச் சும்மாதான் கடிக்கும்.
நட்டின் மூலைகளை வழித்துக்கொண்டு
துள்ளிக் கழலும் ஒரு முழ இரும்பு.
கோயில் வாசலில் மல்லிகை அளக்கிற அதே முழம்,
எடை இரண்டு கிலோ.
இழுத்தவன் மல்லாக்க விழுவான்.
தள்ளியவன் என்றால்
விரல் முட்டிதான் முதலில் போய்ச் சேரும்.

ஒருமுறை கொடுத்திருக்கிறேன்.
நாற்பத்தாறு. வாய் ஒரு மயிரிழை விரிந்தது.
பார்த்தேன், பரவாயில்லை என்றிருந்தேன்.
ரொஸ்லான் அதன் வாலில் குழாய் மாட்டித் தொங்கினார்.
இப்போது அவர் சிரித்தால்
முன்பற்கள் இரண்டு
மற்றவற்றைவிட வெள்ளை.
சன்னலுக்கு வரும்போதெல்லாம் சிரிக்கிறார்.

"குடுக்க மாட்டேன் தம்பி."
போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறை, மிஸ்டர் ஊய்.
எண்ணெய் குழாயில் உறைந்துகொண்டிருக்கிறதாம்,
நிமிஷத்துக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா என்றார்.
தெரியாது சார் என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.

மூன்று இருபதுக்குக் கிடைத்தது.
காண்டிராக்டர் கேபினில்
கதவு மூடாமலிருக்க
முட்டுக்கொடுத்துக் கிடந்தது ஐம்பத்தைந்து.
குணாளன் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.
துணியால் எண்ணெய் துடைத்து
தொண்டையில் விரிசல் உண்டா என டார்ச் அடித்து
காலிப்பர் வைத்துப் பார்த்தேன்.
வாய் ஒழுங்காகவே இருந்தது.
எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

சன்னலைப் பூட்டிவிட்டு நானும் போனேன்,
போகக் கூடாது என்றாலும்.
பம்பின் சுவிட்சில் அவன் பூட்டு,
சாவி அவன் சட்டைப்பையில்.
தரையில் மரத்தூள் போட்டிருந்தான்.
நட்டை அடிவரை விழுங்கவிட்டான்.
வாய் இழுக்கிற பக்கம் பார்த்திருக்க,
ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே,
தன்னை நோக்கி
மெல்ல,
மெல்ல.
கட்டிலில் தூங்கும் குழந்தையை
ஓரத்துக்கு இழுப்பது போல.
கிர்ரென்று ஒரு சத்தம்.
மிச்சம் ஏழு நட்டு என்றான்.

விடிந்ததும் படிவம் வந்தது.
தாமதம்: நாற்பது நிமிடம்.
காரணம் எழுத விட்டிருந்த கட்டம்
என் கட்டைவிரல் அகலம்.
"ஸ்பேனர் இல்லை" என்று எழுதினேன்.

அப்புறம் இரண்டேகாலைக் கழற்றி
அடி இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.
அதன் நிழல்மேல் வெள்ளைப் பெயிண்ட்
இரண்டு தடவை அடித்தாயிற்று.
வெயில் சாய்வாக விழும் நேரத்தில்
இன்னும் தெரிகிறது.